30 பில்லியன் டாலர் கடனை ஒரு நாடு முடித்த கதை: ஒகோன்ஜோ-இவேலாவின் கணக்கு வழக்கு

உலக வர்த்தக அமைப்பின் தலைமை இயக்குநர், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண், முதல் ஆப்பிரிக்கர். நைஜீரியப் பொருளாதார நிபுணர் இங்கோசி ஒகோன்ஜோ-இவேலாவைப் பற்றித் தமிழில் வரும் செய்திகள் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடுகின்றன. பட்டங்கள் இருக்கட்டும். அவர் செய்த வேலைகளில் ஆற அமரப் பார்க்க வேண்டியது வேறொன்று: 2005 அக்டோபர் 20 அன்று, கடன் கொடுத்த அரசுகளின் குழுவான பாரிஸ் கிளப்போடு நைஜீரியா செய்துகொண்ட ஒப்பந்தம். ஏறத்தாழ 30 பில்லியன் டாலர் கடன், அதில் சுமார் 18 பில்லியன் தள்ளுபடி, 12.4 பில்லியன் ரொக்கம். அடுத்த ஏப்ரலுக்குள் கணக்கு நேர். பேச்சுத் திறமையால் கிடைத்த வெற்றி என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. பேரம் பேசும் மேசைக்குப் போவதற்கு முன்பே முக்கால்வாசி வேலை முடிந்திருந்தது என்பதுதான் விஷயம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1954 இல் ஒக்வாஷி-உக்வு என்ற ஊரில் பிறந்தார். இன்று அது டெல்டா மாநிலத்தில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் பேராசிரியர்கள். அப்பா பின்னாளில் அந்த ஊரின் மன்னராகவும் ஆனார். பதின்ம வயதில் பியாஃப்ரா போரை, அதாவது நைஜீரியாவின் உள்நாட்டுப் போரை, பார்த்தவர். 1976 இல் ஹார்வர்டில் பட்டம், 1981 இல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம். ஆய்வேடு நைஜீரியாவின் கிராமப்புறக் கடன் சந்தையையும் வேளாண்மையையும் பற்றியது. பிறகு உலக வங்கி, மொத்தம் சுமார் 25 ஆண்டுகள். கடன் கொடுப்பவர் பக்கத்தில் அத்தனை காலம் உட்கார்ந்தவருக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருக்கும். கடன் கேட்டு வரும் நாட்டின் கோப்பில் எந்தத் தாள் இல்லாவிட்டால் அது மூலைக்குப் போகும் என்பது.

இனி கடன். பாரிஸ் கிளப் என்பது வங்கி இல்லை, சட்டப்படி பதிவான நிறுவனமும் இல்லை. கடன் கொடுத்த அரசுகள் சேர்ந்து உட்காரும் ஒரு குழு. செயலகம் பிரெஞ்சு நிதியமைச்சகத்தில். கடனாளி தனித்தனியாகப் போய் ஒருவரை ஒருவருக்கு எதிராகத் திருப்பிவிட முடியாதபடி, எல்லோரும் ஒரே நிபந்தனையை ஒருமனதாக வைப்பார்கள். (2022 க்குப் பிறகு இலங்கையின் கடன் மறுசீரமைப்புச் செய்திகளில் அடிபட்டதும் இதே பெயர்தான்.) நைஜீரியா அங்கே புது முகமில்லை. 1986, 1989, 1991, 2000 என நான்கு முறை போய்க் கடனை மாற்றி எழுதிக்கொண்டு வந்த நாடு. மாற்றி எழுதுவதில் அசல் குறையாது. தவணை தள்ளிப்போகும், தள்ளிப்போன வட்டி அசலில் ஏறும், அந்தப் புதுத் தவணையும் தவறினால் அபராத வட்டி. ஆண்டுக்குச் செலுத்த வேண்டியது 3 பில்லியன் டாலர் அளவில் இருந்தபோது, நைஜீரியா செலுத்திவந்தது 2 பில்லியனுக்கும் கீழே. கட்டிக்கொண்டே இருந்தார்கள், கடன் ஏறிக்கொண்டே இருந்தது. 2004 முடிவில் வெளிக்கடன் சுமார் 36 பில்லியன். அதில் ஆறில் ஐந்து பங்குக்கு மேல் பாரிஸ் கிளப்புக்கு.

முதல் வேலை, யாருக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்வது. சிரிப்பாக இருக்கலாம், ஆனால் நைஜீரியாவில் அந்தக் கணக்கே ஒரே இடத்தில் இல்லை. நிதியமைச்சகத்தின் பல பிரிவுகளிலும் மத்திய வங்கியிலும் சிதறிக் கிடந்தது. கடன் கொடுத்தவர் அனுப்பும் சீட்டை நம்பித்தான் பணம் கட்ட வேண்டிய நிலை. 2000 இல் அதிபர் ஒபசாஞ்சோ அழைக்க, உலக வங்கியில் விடுப்பு எடுத்துக்கொண்டு சில மாதங்கள் வந்த ஒகோன்ஜோ-இவேலா, கடன் மேலாண்மை அலுவலகம் என்ற தனி அமைப்பு உருவாக உதவினார். ஒவ்வொரு கடனுக்கும் ஒப்பந்த நாள், அசல், வட்டி விகிதம், தவணை, இதுவரை கட்டியது, பாக்கி என்று பதிவேடு போட்டு, அதைக் கடன் கொடுத்தவரின் கணக்கோடு வரிக்கு வரி ஒப்பிட்டுத் தீர்க்கும் வேலை அது. செய்தியில் வராத வேலை. இது இல்லாமல் 2005 இல் மேசைக்குப் போயிருந்தால் முதல் நாள் பேச்சே நிலுவைத் தொகை எவ்வளவு என்ற சண்டையில் கழிந்திருக்கும்.

2003 ஜூலையில் நிதியமைச்சரானார். அடுத்த வேலை, கையில் காசு சேர்ப்பது. எண்ணெய் விலை ஏறும்போது செலவை ஏற்றிவிட்டு, விலை விழும்போது கடன் வாங்குவது நைஜீரியாவின் பழைய வழக்கம். இதை உடைக்க ஒரு விதி கொண்டுவந்தார்கள். சந்தை விலையை விட்டுவிட்டு, வேண்டுமென்றே குறைவாக வைத்த ஒரு விலையின் மேல் பட்ஜெட் போடுவது. 2004 பட்ஜெட்டுக்கு எடுத்த விலை பீப்பாய்க்கு 25 டாலர். அந்த ஆண்டு சந்தை விலை அதைவிட 10 டாலருக்கும் மேலே நின்றது. வித்தியாசம் தனிக் கணக்குக்குப் போனது. உபரிக் கச்சா எண்ணெய்க் கணக்கு என்று அதற்குப் பெயர்.

இங்கே ஒரு சிக்கல். அந்தப் பணம் மத்திய அரசின் பணம் மட்டுமில்லை. நைஜீரியாவில் எண்ணெய் வருமானம் பொதுத் தொகுப்பில் விழுந்து, எண்ணெய் எடுக்கும் மாநிலங்களுக்கு 13 சதவீதம் கழித்தபின், மத்திய அரசுக்கு 52.68, 36 மாநிலங்களுக்கு 26.72, 774 உள்ளாட்சிகளுக்கு 20.60 சதவீதம் என்று பிரியும். அங்கே ஆளுநர் என்பவர் நம் ஊர்போல நியமனம் பெற்று வருபவரில்லை. தேர்தலில் ஜெயித்து மாநிலத்தை ஆள்பவர், நம் முதல்வருக்கு நிகர். "எங்கள் பங்கை ஏன் பிடித்து வைக்கிறீர்கள்" என்று அவர்கள் கேட்பது இயல்பு. 2004 இலும் 2005 இலும் ஒபசாஞ்சோவின் அதிகாரமும் கடன் தீரும் என்ற ஆசையும் சேர்ந்து அவர்களை இணங்க வைத்தன. சட்டத்தின் பிடிமானம் இல்லை, இணக்கம் மட்டுமே. பின்னால் வினையானது இதுதான்.

ஆளுநர்களை அடக்கிவைக்க ஒகோன்ஜோ-இவேலாவிடம் இருந்த இன்னொரு ஆயுதம் பத்திரிகை விளம்பரம். 2004 தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் மத்திய அரசு, ஒவ்வொரு மாநிலம், ஒவ்வொரு உள்ளாட்சி எவ்வளவு பெற்றது என்று செய்தித்தாள்களில் அச்சடித்து வெளியிட்டார்கள். சம்பளம் வராத பள்ளி ஆசிரியர் தன் உள்ளாட்சியின் பெயரைத் தேடி, எதிரே எத்தனை நைரா என்று விரல் வைத்துப் பார்க்கலாம். எளிய வேலைதான், ஆனால் அந்தக் காலத்துச் சீர்திருத்தங்களில் செலவுக்கு மிஞ்சிய பலன் தந்தது இதுவென்றே சொல்வேன்.

மற்றதைத் தனியாளாகச் செய்தார் என்று எழுதுவது தவறு. அரசு ஒப்பந்தங்களின் விலையை மறுபரிசீலனை செய்து ஊதிப்போன தொகைகளை வெட்டியது ஒபி எசெக்வெசிலி. ஊழல் வழக்குகளைப் பார்த்தது நுஹு ரிபாடு. மத்திய வங்கித் தலைவர் சார்ல்ஸ் சொலூடோ வங்கிகளின் குறைந்தபட்ச மூலதனத்தை 2 பில்லியன் நைராவிலிருந்து 25 பில்லியனுக்கு உயர்த்த, 89 வங்கிகள் 2005 முடிவில் 25 ஆகச் சுருங்கின. கடன் மேலாண்மை அலுவலகத்தில் மன்சூர் முக்தார். இந்தக் குழுவுக்குத் தலைமை ஒகோன்ஜோ-இவேலா.

இவ்வளவு செய்தும் பாரிஸ் கிளப் ஏன் தள்ளுபடி தர வேண்டும்? "எண்ணெய் விற்கும் நாடு, கட்ட வசதி இருக்கிறது" என்பது அவர்களின் நிலையான பதில். இதை உடைக்க இரண்டு தாள்கள் தேவைப்பட்டன.

முதலாவது, உலக வங்கியின் வகைப்பாடு. ஏழை நாடுகளுக்குச் சலுகைக் கடன் தரும் பிரிவிலிருந்து மட்டும் வாங்கத் தகுதியுள்ள நாடு, சந்தை வட்டிக் கடனும் வாங்கக்கூடிய கலப்பு வகை நாடு என்று இரண்டு வரிசை. நைஜீரியா கலப்பு வரிசையில் இருந்தது. அந்த வரிசையில் இருந்தால் பாரிஸ் கிளப்பின் 67 சதவீதக் குறைப்பு, நேப்பிள்ஸ் நிபந்தனை என்பார்கள், கிடைக்காது. எண்ணெய் வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு மிகச் சொற்பமே வருகிறது என்ற வாதத்தை எடுத்துப்போய், 2005 இல் வகைப்பாட்டை மாற்ற வைத்தார்கள். உலக வங்கிக்குள் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்த ஒருவர் நிதியமைச்சராக இருந்தது இங்கே கை கொடுத்தது.

இரண்டாவது, ஐ.எம்.எஃப். எனும் சர்வதேச நாணய நிதியத்தின் சான்று. பாரிஸ் கிளப் யாருக்கும் ஐ.எம்.எஃப். திட்டம் இல்லாமல் சலுகை தராது. நைஜீரியாவிலோ ஐ.எம்.எஃப். என்ற பெயரைச் சொன்னாலே தெருவில் கல் விழும். 1980களின் கசப்பு அப்படி. வழி என்னவென்றால், நாடு தானே ஒரு பொருளாதாரத் திட்டம் எழுதும், ஐ.எம்.எஃப். கடன் எதுவும் தராமல் அதைக் கண்காணித்து மட்டும் சான்று சொல்லும். கொள்கை ஆதரவு ஏற்பாடு என்ற பெயரில் 2005 அக்டோபரில் இது உருவானது. முதலில் பெற்ற நாடு நைஜீரியா.

வெளியே அரசியல் காற்றும் சாதகமாக அடித்தது. 2005 ஜூலையில் ஸ்காட்லாந்தின் கிளெனீகிள்ஸில் நடந்த ஜி-8 மாநாட்டில் ஆப்பிரிக்கக் கடன் முக்கியப் பேச்சு. நைஜீரியாவுக்குப் பெரிய தொகை கொடுத்திருந்த பிரிட்டன்தான் மாநாட்டை நடத்தியது. அதே ஆண்டு மார்ச்சில், கடன் கட்டுவதை நிறுத்த வேண்டும் என்று நைஜீரியக் கீழவை தீர்மானம் போட்டிருந்தது. அமைச்சருக்கு அது சங்கடமா, பேரத்துக்கு உதவியா என்று கேட்டால், இரண்டும்தான்.

ஒப்பந்தத்தின் உள்கணக்கு இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் நைஜீரியா நிலுவை முழுவதையும், 6.3 பில்லியன் டாலர், ஒரு சென்ட் குறையாமல் கட்ட வேண்டும். கட்டியதும் தகுதியுள்ள கடனில் 33 சதவீதம் ரத்து. இரண்டாம் கட்டம் ஐ.எம்.எஃப்.பின் முதல் மீளாய்வு தேறிய பிறகு. அப்போது இன்னொரு 34 சதவீதம் ரத்து. மிச்சத்தை நைஜீரியா கழிவு விலையில் திரும்ப வாங்கிக்கொள்ளும். இந்தக் கட்டத்தில் கட்ட வேண்டியது 6.1 பில்லியன். அதாவது தகுதியுள்ள கடன் 100 ரூபாய் என்றால் முதலில் 33 போகும், பிறகு 34 போகும், எஞ்சிய 33 ஐ முகமதிப்புக்குக் கீழே காசு கொடுத்துத் தீர்த்துக்கொள்ளலாம். பாரிஸ் கிளப் குறித்துவைக்கும் கெடு தேதிக்குப் பிந்திய கடன்களுக்கு இந்தக் குறைப்பு கிடையாது. அவற்றுக்குரியதைத் தனியே செலுத்த வேண்டும். மொத்தத்தில் 60 சதவீதம் அளவுக்குத் தள்ளுபடி.

இரண்டு கட்டமாகப் பிரித்ததில்தான் இரு தரப்பின் பயமும் தீர்ந்தது. காசு வாங்கிக்கொண்டு தள்ளுபடியை இழுத்தடிப்பார்களோ என்று நைஜீரியாவுக்கு. தள்ளுபடி வாங்கியதும் சீர்திருத்தத்தைக் கைவிடுவார்களோ என்று அவர்களுக்கு. கடைசித் தவணை 2006 ஏப்ரலில் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் நைஜீரியாவுக்கு முதல் முறையாகக் கடன் தரமதிப்பீடு கிடைத்தது, பிபி மைனஸ். முதலீட்டுத் தரத்துக்குக் கீழேதான், ஆனால் மதிப்பீடே இல்லாத நிலை மாறியது.

12 பில்லியனை வெள்ளைக்காரனுக்குக் கொடுப்பதற்குப் பதில் மின்சாரத்துக்கும் சாலைக்கும் போட்டிருக்கலாமே என்ற கேள்வி நைஜீரியாவில் இன்றும் ஓயவில்லை. நியாயமான கேள்விதான். என் கணிப்பு, அந்தப் பணம் கணக்கில் கிடந்திருந்தால் மின்நிலையமாக ஆகியிருக்காது. ஆளுநர்களுக்குப் பங்கு பிரிந்து போயிருக்கும். அடுத்து நடந்ததும் அதுவே. கடன் சேவையில் மிச்சமான ஆண்டுக்கு சுமார் 1 பில்லியன் டாலரை மட்டும் பள்ளி, மருத்துவமனை, குடிநீருக்கென்று தனியே அடையாளம் குறித்துக் கண்காணித்தார்கள். அந்த அலுவலகத்தை நடத்தியவர் அமீனா முகமது, இன்றைய ஐ.நா. துணைப் பொதுச் செயலர்.

வேலை முடிந்த சூட்டோடு ஒகோன்ஜோ-இவேலாவை 2006 ஜூனில் வெளியுறவுக்கு மாற்றினார்கள். ஆகஸ்டில் பொருளாதாரக் குழுத் தலைமையையும் பிடுங்கவே, பதவி விலகினார். அவருக்கு ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் நிதி வழியாக டாலரில் சம்பளம் கொடுத்தது வழக்குமன்றம் வரை போன தனிச் சர்ச்சை. 2007 முடிவில் உலக வங்கிக்கே திரும்பினார், இந்த முறை நிர்வாக இயக்குநர்களில் ஒருவராக.

2011 ஆகஸ்டில் அதிபர் குட்லக் ஜோனதன் அரசில் மறுபடி நிதியமைச்சர், கூடவே பொருளாதாரத்தை ஒருங்கிணைக்கும் அமைச்சர் என்ற புதுப் பதவி. அவர் இல்லாத இடைவெளியில் உபரிக் கணக்குக்கு என்ன ஆனது? 2008 முடிவில் அதில் ஏறத்தாழ 20 பில்லியன் டாலர். 2010 க்குள் பெரும்பகுதி காலி. நிதி நெருக்கடி ஆண்டில் எடுத்ததில் தப்பில்லை, அதற்குத்தான் சேமிப்பு. ஆனால் விலை திரும்ப ஏறிய பிறகும் பங்கு பிரிப்பது நிற்கவில்லை. ஆளுநர்களின் வாதம் சட்டப்படி பலமானது: அரசியலமைப்பின் 162 ஆவது பிரிவு, கூட்டரசின் வருவாய் எல்லாம் பொதுத் தொகுப்பில் சேர்ந்து பிரிக்கப்பட வேண்டும் என்கிறது, தனியே சேமித்து வை என்று எங்கும் சொல்லவில்லை. 1 பில்லியன் டாலர் முதலீட்டில் சட்டப்படி ஒரு நாட்டு முதலீட்டு நிதியம் உருவானபோதும் அவர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

பட்ஜெட் விலை விஷயத்தில் நாடாளுமன்றமும் சும்மா இல்லை. 2013 க்கு அமைச்சர் கேட்டது 75 டாலர், நிறைவேறியது 79. நாலு டாலர்தானே என்று தோன்றும். நாளொன்றுக்கு 25 லட்சம் பீப்பாய் என்று வைத்தால் நாலு டாலர் என்பது தினம் 1 கோடி டாலர், ஆண்டுக்கு 3.65 பில்லியன். எண்ணெய்க் கம்பெனிகளின் பங்கும் செலவும் கழிந்தாலும், சேமிப்புக்குப் போக வேண்டிய பெரும் தொகை செலவுக் கணக்கில் ஏறிவிடும். 2014 நடுவில் 110 டாலரைத் தாண்டி நின்ற எண்ணெய், அடுத்த ஜனவரியில் 50க்குக் கீழே. 2015 பட்ஜெட் 65 என்று வந்து கடைசியில் 53 இல் நின்றது. கணக்கில் மிஞ்சியிருந்தது ஏறத்தாழ 2 பில்லியன். 100 டாலர் விலை மூன்று ஆண்டுகள் நீடித்த நாட்டில் இது மோசமான கையிருப்பு. நிதியமைச்சர் மீது முழுப் பழியும் போட முடியாது, அவரை முழுக்க விடுவிக்கவும் முடியாது.

2012 ஜனவரி 1 அன்று பெட்ரோல் மானியத்தை ஒரே இரவில் எடுத்தது இன்னொரு அடி. லிட்டர் 65 நைராவிலிருந்து 140ஐத் தாண்டியது; பொது வேலைநிறுத்தம்; இரண்டு வாரத்தில் 97க்கு இறங்கி வந்தார்கள். பணத்தை எதற்குச் செலவிடுவோம் என்று மக்கள் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விலையை ஏற்றியதுதான் கோளாறு. பிறகு மானியக் கோரிக்கைகளைத் தணிக்கை செய்ததில், இறக்குமதி செய்யாத எண்ணெய்க்கே பணம் வாங்கியவர்கள் அகப்பட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அவரது 80 வயது தாண்டிய தாயாரைக் கடத்தினார்கள்; ஐந்தாம் நாள் விட்டார்கள். அமைச்சர் ராஜினாமா செய்ய வேண்டும் என்பது கடத்தியவர்களின் கோரிக்கைகளில் ஒன்று.

நல்லதாகச் சொல்ல 'யூவின்' திட்டம் இருக்கிறது. தொழில் திட்டம் எழுதும் போட்டி வைத்து, முதல் சுற்றில் 1,200 இளைஞர்களுக்குத் தலா சுமார் 50,000 டாலர் மானியம். தேர்வில் ஒரு பகுதியைக் குலுக்கல் முறையில் வைத்ததால் பலனைச் சுத்தமாக அளக்க முடிந்தது. உலக வங்கி ஆய்வாளர் டேவிட் மெக்கென்சியின் கணக்கில் சுமார் 7,000 வேலைகள் கூடின. மானியத் திட்டத்துக்கு இப்படிச் சான்று கிடைப்பது அபூர்வம்.

2012 ஏப்ரலில் உலக வங்கித் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு, அமெரிக்கா நிறுத்திய ஜிம் யோங் கிம்மிடம் தோற்றார். அந்தப் பதவிக்கு உண்மையான போட்டி நடந்ததே அதுதான் முதல் முறை. 2016 முதல் 2020 வரை தடுப்பூசிக் கூட்டமைப்பான கவியின் வாரியத் தலைவர். 2020 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்புக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டபோது டிரம்ப் அரசு மறித்தது. பைடன் வந்ததும் முட்டுக்கட்டை விலகி, 2021 மார்ச் 1 அன்று பொறுப்பேற்றார்.

நிதியமைச்சர் நாற்காலிக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். இங்கே பிடித்துவைக்கக் காசும் இல்லை, உத்தரவு போட அதிகாரமும் இல்லை. 166 உறுப்பினர்கள், எல்லாம் ஒருமனதாக. நாடுகளின் வர்த்தக வழக்குகளைக் கடைசியாகத் தீர்க்கும் மேல்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பரிலிருந்து செயலிழந்து கிடக்கிறது. அவரால் செய்ய முடிந்தது, 2005 இல் செய்ததுபோல வேலையைத் துண்டாக்கி, முடிகிற துண்டை முதலில் முடிப்பது. 2022 ஜூனில் ஜெனீவா மாநாட்டை இரண்டு நாள் நீட்டி, இரவிரவாகப் பேசி, மீன்பிடி மானிய ஒப்பந்தத்தை அப்படித்தான் கரை சேர்த்தார்கள். சட்டவிரோத மீன்பிடிப்பு, அளவுக்கு மீறிப் பிடித்துத் தீர்ந்துபோன மீன்வளம், யார் கட்டுப்பாட்டிலும் இல்லாத ஆழ்கடல் ஆகிய மூன்றுக்கும் மானியம் கூடாது. அதிகப் படகு, அதிக எந்திரம் சேர்வதற்குக் காரணமான மானியங்களைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினார்கள். கஷ்டமான பாதி அதுதான். தமிழக அரசு விசைப்படகுகளுக்குத் தரும் வரிவிலக்கு டீசல் போன்ற எரிபொருள் சலுகைகள் அந்தப் பாதிக்குள் வரக்கூடியவை. இந்தியா 25 ஆண்டு அவகாசம் கேட்பதும் அங்கேதான். 2024 இல் அபுதாபியில் அது முடியவில்லை.

முதல் பாதி, மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் ஏற்றதும், 2025 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 12 ஆவது பிரிவின்படி, நான்கு ஆண்டுகளுக்குள் மிச்சப் பாதி முடியாவிட்டால், பொதுக்குழு வேறு முடிவு எடுக்காத வரை, ஒப்பந்தமே ரத்தாகும். கெடு 2029 செப்டம்பர் நடுவில். ஒகோன்ஜோ-இவேலாவின் இரண்டாம் பதவிக்காலம் அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஆகஸ்ட் 31 அன்று முடிகிறது.